சுழல்தகடும் விரால் மீனும்



34 ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த கை இது. அந்தக் கை தூண்டிற்கோலையும் பிடித்ததுண்டு என்று சொன்னால் உங்களில் சிலர் நகைக்கக்கூடும். வேறு சிலர், 'தலைமையாசிரியர் வகுப்பை விட்டு ஏரிக்குப் போய்விட்டாரோ?' என்று ஐயுறவும் கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போனேன் என்று முதலிலேயே உறுதி கூறிவிடுகிறேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர. அந்த வெள்ளிக்கிழமையின் கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பொய்யிரை. ஸ்பின்னர்பெய்ட் என்று அதனை அழைக்கிறார்கள். நான் அதற்குச் 'சுழல்தகட்டு இரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்காக வளர்ந்த கருவி அது. நம் பக்கத்து ஏரிகளில் பாஸ் இல்லை. ஆனால் விரால் உண்டு. அந்தக் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு கையாளுவது, எப்பொழுது அதனைப் பெட்டியை விட்டு எடுக்காமலே இருப்பது என்ற மூன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலையும், 1964-இல் தொழிற்பேட்டையும் ஏற்பட்ட பிறகு ஊரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஆயினும், என் சிறுவயதில் ஏரிக்கரையில் நின்றால் ஆம்பல் இலைகளும், அவற்றினிடையே அசையாது நிற்கும் கொக்கும்தான் கண்ணுக்குத் தெரியும். என் தாய்மாமன் விடியற்காலையில் என்னை அங்கே அழைத்துச் செல்வார். மூங்கிற்கோல், தங்கூஸ் என்று நாம் சொல்லும் நைலான் நரம்பு, பெரிய தூண்டில் முள் ஆகியவை அவருடைய தளவாடங்கள். இரை, உயிருள்ள தவளை. அதன் முதுகில் முள்ளைக் கோத்து, இலைகளின் மேல் துள்ளவிடுவார். விரால் பாய்ந்து கவ்வும்.

விராலைக் கண்டு நான் மகிழ்ந்தேன். தவளையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "முகத்தைத் திருப்புகிறவன் குழம்பையும் திருப்பிவிட வேண்டும், மருமகனே" என்று மாமா சிரிப்பார். அதற்கு அன்று என்னிடம் விடையில்லை. உயிருள்ள ஒன்றை முள்ளில் கோக்காமல் விராலைப் பிடிக்க முடியாதா என்ற வினா மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. வயல்களில் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் தவளைகள் குறைந்து வருவதைக் கண்டு, தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் தடைசெய்தபோது, அந்தப் பழைய வினா எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

பொய்யிரையைப் பற்றிப் பேசுமுன் மெய்யான மீனைப் பற்றி அறிதல் வேண்டும். விராலைச் சங்கப் புலவர்கள் வரால் என்றே வழங்கினர். உருண்டு நீண்ட உடல், பாம்பின் தலையை ஒத்த தலை, அகன்ற வாய், கூரிய பற்கள். செவுள்களுக்கு மேலே காற்றை நேரே சுவாசிப்பதற்கென்று தனியறை ஒன்று அதற்கு உண்டு. ஆதலால் அது சிறிது நேரத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து, 'களுக்' என்று காற்றை விழுங்கிச் செல்லும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேட்டையாடும் முறையிலோ அது பெரும் சோம்பேறி! இரையைத் துரத்திக்கொண்டு நெடுந்தொலைவு செல்லாது. கோரைப் புல்லின் ஓரத்திலும், இலைகளின் நிழலிலும், மூழ்கிய கட்டையின் அருகிலும் பதுங்கியிருந்து, இரை அருகில் வந்தவுடன் அம்புபோல் பாயும்.

பாஸ் மீனின் குணமும் ஏறக்குறைய இதுவே. நீர்ப்பூண்டுகளில் பதுங்கிப் பாயும் இரண்டு மீன்கள், உலகின் இரு கோடிகளில் ஒரே தொழிலைச் செய்து வருகின்றன. அவை நேருக்கு நேர் சந்தித்த செய்தியும் உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் நம் நாட்டுப் பூவிராலுக்கு நெருங்கிய உறவான விரால் ஒன்று, யாரோ கொண்டுபோய் விட்டதன் பயனாக, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நீர்நிலைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது அங்கேயே பெருகிவிட்டது. பாஸ் மீனுக்காக எறிந்த பொய்யிரையை அந்த விராலும் பாய்ந்து கவ்வுகிறது. ஒரு மீனுக்குச் செய்த கருவி மற்றொரு மீனுக்கும் பொருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. கருவியை நாடு விட்டு நாடு கொண்டு வரலாம். மீனைக் கொண்டுவருவது பேராபத்து. ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் பாஸ் மீனை விட்டார்கள். அது நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறு மீன்களை விழுங்கியது. 2005-இல் அந்நாட்டு அரசு தீங்கிழைக்கும் அயல் உயிர்களின் பட்டியலில் அதனைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நம்மிடமும் அதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. நீங்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் மீன் நம் நாட்டதன்று; 1952-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி நம் பக்கத்தில் அரிது. அந்த ஜிலேபிக் கெண்டையை நினைவில் வைத்திருங்கள். என் கதையில் அது மீண்டும் வரும்.

இனி பொய்யிரைக்கு வருவோம். திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், தூண்டிலை விழுங்கும் மீனை வள்ளுவர் உவமையாகக் காட்டுகிறார். அங்கே தூண்டில் முள்ளுக்கு அவர் ஆளும் சொல் 'பொன்' என்பது. பரிமேலழகர் அதற்கு இரும்பு என்று பொருள் கொள்கிறார். பொன் என்னும் சொல் பழந்தமிழில் உலோகத்துக்கெல்லாம் பொதுப்பெயர். ஆகவே அவ்வுரை பொருத்தமானதே. ஆயினும் ஏரிக்கரையில் நின்றவன் என்ற முறையில், அச்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நீருக்குள் மின்னும் உலோகத்தின் ஒளியும் எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

உலோகத்தின் ஒளியைக் கண்டே மீன் பாயும் என்பதை மேல்நாட்டார் தொழிலாக்கினர். அமெரிக்கரான ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவமான தகட்டு இரைக்கு 1852-இல் காப்புரிமை பெற்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கரண்டி ஏரியில் விழுந்தது என்றும், அதனை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்றும் சொல்வார்கள். நம் சென்னை மாகாணத்திலும் அக்காலத்தில் தூண்டிற்கலையை ஆராய்ந்த ஒருவர் இருந்தார். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் அவர் சென்னைச் சிவில் சர்வீஸைச் சேர்ந்த அதிகாரி. இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக 1887-இல் மற்றொரு நூலும் எழுதினார். ஏரிகள் நிறைந்த நாட்டில் பணியாற்றியவருக்கு அப்படி ஒரு நூல் எழுதத் தோன்றியதில் வியப்பில்லை.

சுழல்தகட்டு இரையின் வடிவத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். திறந்து வைத்த புடவை ஊக்கு ஒன்றை எண்ணுங்கள். அதன் வளைவில் நரம்பைக் கட்ட வேண்டும். கீழ்க்கம்பியின் முனையில் ஈயத்தாலான சிறு தலை; அத்தலையிலிருந்து தூண்டில் முள்; முள்ளை மறைத்துக்கொண்டு ரப்பர் இழைகளாலான குஞ்சம். மேற்கம்பியின் முனையில், தடையின்றிச் சுழலும்படி அமைந்த சிறு வளையத்தில் கோத்த ஓர் உலோகத் தகடு. இழுக்கும்போது தகடு சுழல்கிறது, குஞ்சம் துடிக்கிறது. ஒளியும் அதிர்வும் சேர்ந்து ஒரு சிறு மீன் ஓடுவதுபோன்ற மயக்கத்தை உண்டாக்குகின்றன. மேற்கம்பி முள்ளுக்கு நேர்மேலே குடைபோல் நிற்பதால், கொடிகளும் இலைகளும் முதலில் கம்பியில் பட்டு விலகிவிடும். முள் எளிதில் சிக்குவதில்லை. பூண்டு மண்டிய நம் ஏரிகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பொழுது அந்த வெள்ளிக்கிழமைக் கதை. அப்பொழுது நான் தலைமையாசிரியன் அல்லன். ஆவடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை வரவில்லை. நான்காவது வெள்ளிக்கிழமையும் அவன் இடம் வெறுமையாயிருந்தது. எனக்குப் பிற்பகலில் வகுப்பு இல்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டு, அவனைத் தேடி ஏரிக்கரைக்குப் போனேன். கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அவன் கரையில் குந்தி, ஏதோ ஒன்றைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு எழுந்தான், ஓடவில்லை. "சார், இது ஏன் சுற்றமாட்டேன் என்கிறது?" என்று கேட்டான். ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையின் கிழிந்த பக்கத்தில் சுழல்தகட்டு இரையின் படத்தைப் பார்த்து, சைக்கிள் ஆரக்கம்பியை வளைத்து, பட்டறைக் கழிவிலிருந்து பொறுக்கிய பித்தளைத் தகட்டை வெட்டி, அவனே ஒன்று செய்திருந்தான். அது சுழலவில்லை. பிரம்பைப் பிடித்திருந்த எனக்கும் அது ஏன் சுழலவில்லை என்பது தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளியின் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியே எங்கள் ஆய்வுக்கூடமாயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே நான் அவனுக்கு விதித்த ஒரே விதி. முதலில் தகட்டைப் பார்த்தோம். அது தட்டையாயிருந்தது. மரக்கட்டையில் குழி தோண்டி, அதன்மேல் தகட்டை வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் தட்டிக் கரண்டிபோல் குழிவாக்கினான். தகடு சுழன்றது. ஆனால் கம்பியைப் பிடித்த விரலில் அதிர்வு தெரியவில்லை. ஆரக்கம்பி இரண்டு மில்லிமீட்டர் கனம். அது விறைத்து நின்று அதிர்வைத் தன்னுள்ளேயே அடக்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை மாற்றினோம். விரலில் நாடித்துடிப்புப்போல் அதிர்வு தெரிந்தது! ஆனால் வேகமாக இழுத்தால் இரை ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. தகட்டின் இழுப்புக்கு ஈடுகொடுக்க ஈயத் தலையின் எடை போதவில்லை என்று கண்டு, சிறிது ஈயம் சேர்த்தோம். இரை நேராக நீந்தியது. மூன்று குறைகள், மூன்று மாற்றங்கள். மூன்றையும் ஒருங்கே மாற்றியிருந்தால் எந்த மாற்றம் எந்தக் குறையைத் தீர்த்தது என்பதை நாங்கள் அறிந்திருக்கமாட்டோம்.

அதன் பிறகு அவன் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கு வந்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போனேன். யார் யாருக்கு ஆசிரியர் என்ற கேள்வியை நாங்கள் எழுப்பிக்கொள்ளவில்லை.

கடைகளில் கிடைக்கும் சுழல்தகட்டு இரைகள் நூறு விதம். அவற்றைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. தகட்டின் வடிவம், நிறம், எடை ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும். வடிவத்தில் மூன்று வகை உண்டு. வட்டமாகவும் குழிவாகவும் இருப்பதைக் கொலராடோ என்பர். அது நீரைப் பலமாக அடித்துச் சுழலும். மெதுவாக இழுத்தாலும் அதிர்வு மிகுதி. மூங்கில் இலைபோல் நீண்டு ஒடுங்கியதை வில்லோ இலை என்பர். அது கம்பியை ஒட்டி விரைவாகச் சுழலும். அதிர்வு குறைவு, மின்னல் மிகுதி. நீர்த்துளி வடிவமானது இந்தியானா. அது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இவற்றுள் எதை எடுப்பது? ஏரியைக் கேளுங்கள், அது சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, வரத்துக் கால்வாய்கள் செந்நீரைக் கொண்டுவரும். அப்பொழுது மீனின் கண்ணுக்கு வேலை குறைவு. ஆனால் அதன் உடலின் இருபக்கத்திலும் நீளவாட்டில் ஓர் உணர்வுக்கோடு ஓடுகிறது. நீரின் மெல்லிய அதிர்வையும் அது அறியும். கலங்கிய நீரில் அந்தக் கோட்டுக்குத்தான் நாம் செய்தி அனுப்ப வேண்டும். ஆகவே வட்டத் தகடு, மெதுவான இழுப்பு, எடுப்பான மஞ்சள் அல்லது கறுப்புக் குஞ்சம், பித்தளை நிறத் தகடு. தை, மாசி மாதங்களில் நீர் தெளிந்துவிடும். அப்பொழுது மீன் நன்றாகப் பார்க்கும். பொய்யையும் நன்றாகப் பார்க்கும்! ஆகவே சிறிய இரை, நீண்ட தகடு, வெள்ளி நிறம், கெண்டைக் குஞ்சை ஒத்த வெண்மையான குஞ்சம், சற்று விரைவான இழுப்பு. சித்திரை, வைகாசியில் நீர் வற்றிப் பூண்டு மண்டும், வெயிலும் கடுமையாகும். விடியற்காலையும் அந்தியும் அன்றி வேறு நேரத்தில் நிற்பது வீண். நீர் ஆழமில்லாததால் எடை குறைந்த இரையே போதும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். 7 கிராம் முதல் 14 கிராம் வரையுள்ளவை நம் ஏரிகளுக்குப் போதுமானவை. முழங்கால் ஆழத்துக்கு 7. காற்று எதிர்த்து வீசினாலோ, ஆழம் கூடினாலோ 10 அல்லது 14. இன்னொன்றையும் மறக்கலாகாது. ஆம்பல் இலைகள் பாய் விரித்தாற்போல் நீரை முழுதும் மூடியிருந்தால், எந்தத் தகடும் அங்கே சுழலாது. அங்கே ரப்பரால் செய்த பொய்த்தவளையே தக்கது. என் மாமாவின் தவளைக்கு மாற்று அதுவே என்று நான் பிற்காலத்தில் கண்டுகொண்டேன். இலைக்கும் இலைக்கும் நடுவே நீர்வழி திறந்திருக்கும் இடமே சுழல்தகட்டுக்கு உரிய இடம்.

கையாளும் முறைக்கு வருகிறேன். மீன் இருக்கும் இடத்தில் இரையை எறியாதீர்கள். தலைமேல் கல் விழுந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? அந்த இடத்துக்கு அப்பால் எறிந்து, அதனருகே வரும்படி இழுங்கள். இரை நீரைத் தொட்டவுடன் இழுக்கத் தொடங்குங்கள். தாமதித்தால் பூண்டில் அமிழ்ந்துவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேற்பரப்பு இலேசாகப் புடைக்கும்படி கொண்டுவாருங்கள். கட்டையையோ கோரைப் புதரையோ அடையும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். இரை தாழும், தகடு அப்பொழுதும் சுழன்றுகொண்டே இறங்கும். பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் விரால் பாயும். கோலின் வழியே கையில் துடித்துக்கொண்டிருந்த அதிர்வு திடீரென்று நின்றுவிட்டால், மீன் கவ்விவிட்டது என்று பொருள்; உடனே கோலை உயர்த்துங்கள். பொய்த்தவளையானால், மீன் அதனை வாய்க்குள் வாங்கிக்கொள்ள 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிப் பின் இழுக்க வேண்டும். தகட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. உலோகத்தின் சுவையை அறிந்தவுடன் மீன் உமிழ்ந்துவிடும்.

இவ்வளவும் கற்ற பிறகுதான் நான் ஒரு தவறு செய்தேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை. நானும் அந்த மாணவனும் கரையில் நின்றோம். பத்துக் கெஜத் தொலைவில், கோரையின் ஓரமாக, நீர்மேல் செம்பட்டு விரித்தாற்போல் ஒரு திட்டுத் தெரிந்தது. அது கொதிக்கும் நீர்போலச் சலசலத்தது; மெதுவாக நகர்ந்தது. "சார், அங்கே வேண்டாம். அது விரால் குஞ்சுக் கூட்டம். தாய் அடியிலே இருக்கும்" என்றான் மாணவன்.

விரால், பூண்டுகளை விலக்கிக் கூடு அமைத்து முட்டையிடும் மீன். குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டமாய்த் திரியும். பெற்ற மீன் அவற்றின் கீழேயே இருந்து வாரக்கணக்கில் காவல் காக்கும். இதனை நான் நூலில் படித்திருந்தேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதியும் இருந்தேன். ஆயினும் அடியில் பெரிய மீன் இருக்கிறது என்ற ஒன்றே அந்த நேரத்தில் என் மனத்தில் நின்றது. வட்டத் தகட்டை எடுத்தேன். திட்டுக்கு அப்பால் எறிந்து, அதனூடே இழுத்தேன்.

நீர் வெடித்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். நான் கற்ற கலை முழுவதும் அன்று பலித்தது. ஆனால் முள் தொண்டையில் ஆழப் பதிந்து, செவுளில் குருதி வழிந்தது. விட்டுவிடலாம் என்று நீரில் வைத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அப்பொழுது செந்நிறத் திட்டைப் பார்த்தேன். அது கலைந்து, சேர்ந்து, மீண்டும் கலைந்தது. நாற்புறத்திலிருந்தும் ஜிலேபிக் கெண்டைகள் வந்து சேர்ந்தன. கால் மணி நேரத்தில் நீர்மேல் செம்மை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் என்னைக் குறை கூறவில்லை. "இனிமே அதுங்களை யார் சார் பார்த்துக்குவாங்க?" என்று மட்டும் கேட்டான். குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சாத நீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

மாணவர்களே, அந்த மீன் பசியினால் பாயவில்லை. என் இரையின் சிறப்பினாலும் பாயவில்லை. பிள்ளைகளுக்கு நடுவே புகுந்த பகையை விரட்டவே பாய்ந்தது. காவல் இருக்கும் மீனை எந்த இரையாலும் பிடித்துவிடலாம். அதில் திறமை ஒன்றுமில்லை. சிறுவயதில் தவளைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட நான், பொய்யிரை வந்துவிட்டதால் என் கை தூய்மையாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கருவி மாறினால் போதாது என்பதை அன்று அறிந்தேன்.

அதன் பிறகு சில கட்டுப்பாடுகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். நீர்மேல் செந்நிறத் திட்டைக் கண்டால் அந்தக் கரையை விட்டே போய்விடுவேன். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவேன்; மீனை விடுவிக்க அது எளிது. அறுந்த நரம்பைக் கரையில் எறியமாட்டேன். அது கொக்கின் காலையும் நாரையின் அலகையும் சுற்றிக்கொள்ளும். ஈயத்தைப் பற்றியும் பிற்பாடு அறிந்தேன். நீரில் விழுந்த சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிவதைக் கண்டு, பிரிட்டனில் 1987-இல் அவற்றைத் தூண்டிலில் பயன்படுத்தத் தடை வந்தது. இன்று டங்ஸ்டன் தலையுள்ள இரைகள் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல், ஆயினும் தக்கவை.

சட்டத்தையும் மறவாதீர்கள். ஏரிகளின் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்படுவது வழக்கம். குத்தகைதாரரின் இசைவின்றித் தூண்டில் போடுவது பிறர் பொருளை எடுப்பதாகும். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியும், புழல் ஏரியும் சென்னையின் குடிநீர்த் தேக்கங்கள். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அங்கே இசைவின்றி நீரில் இறங்குவது குற்றம் மட்டுமன்று, உயிருக்கும் ஆபத்து.

ஏரிகளின் இன்றைய நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் புறநகர் ஏரிகள் பலவற்றில் கழிவுநீர் கலக்கிறது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் பூங்கா அமைந்ததுபோன்ற நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஆனால் 'ஏரியில் விரால் இருக்கிறதே, நீர் நன்றாகத்தானே இருக்கிறது?' என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். பிற மீன்கள் மூச்சு முட்டி மடியும் நீரிலும் அது பிழைத்துக் கிடக்கும். நீரின் நலத்தை அறிய விரும்பினால், விரால் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அதனோடு வேறு எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்று பாருங்கள்.

நீங்கள் அனைவரும் தூண்டில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிப்பேடு எடுங்கள். உங்கள் ஊர் ஏரிக்கு மாதம் ஒரு முறை பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். நீரின் நிறம், காற்றின் திசை, பூண்டின் பரப்பு, எங்கே எத்தனை முறை விரால் மூச்சு வாங்கிற்று என்பவற்றை எழுதுங்கள். ஓராண்டு முடிந்தபின் எந்த மாதத்துக்கு எந்தத் தகடு என்பதை நான் சொல்லவேண்டியிராது. இரையை எடுக்குமுன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. நீர் எப்படி இருக்கிறது? மீன் எங்கே இருக்கிறது? இப்பொழுது எறிவது தகுமா? முதல் இரண்டையும் நூல்களிலிருந்து கற்றேன். மூன்றாவதை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கற்றுக்கொடுத்தான்.

அவன் இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை நடத்துகிறான். நான் ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பார்க்க வந்து, காகிதத்தில் சுற்றிய பொருள் ஒன்றைக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தேன். சைக்கிள் ஆரக்கம்பியில் கோத்த தட்டையான பித்தளைத் தகடு. எங்கள் முதல் ஆய்வுக்கு முன் அவன் செய்த, சுழலாத அதே இரையைப்போல் மீண்டும் ஒன்று செய்திருந்தான். என் மேசைமேல் அது இப்பொழுதும் இருக்கிறது. அதனால் ஒரு மீனையும் பிடிக்க முடியாது. என்னிடம் உள்ள இரைகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அதுதான்.